ஐந்தரை மணி நேரம் பிந்திய சூரியன்

அல்லி விடுதியின் மேல் சூரியன் ஐந்தரை மணி நேரம் பின்வாங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டாம் மாடி இருபத்தேழாம் அறையில் இசக்கியம்மாள் தன் லேப்டாப்பில் பன்னிரண்டாவது தடவையாகக் கள்ள சிஸ்டம் ஏற்றிக்கொண்டிருந்தாள், கீழே மெஸ்ஸில் டீ கொதித்துக்கொண்டிருந்தது, மொட்டைமாடிக் கொடிகளில் இருநூற்றுப் பதினான்கு பெண்களின் ஒரு வாரத் துணி காய்ந்துகொண்டிருந்தது, வாயிலில் வாட்ச்மேன் பேச்சிமுத்து அண்ணாச்சி பேப்பரை முகத்தில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அதாவது, அதிசயம் நடப்பதற்கு வேண்டிய முகாந்திரம் எதுவுமே அங்கே இல்லை.

கள்ள சிஸ்டம் என்று பேர் வைத்தது அறைத்தோழி ஜெசிந்தா. அந்த லேப்டாப், இசக்கி பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. அதோடு வந்த கம்பெனி சிஸ்டம் எழுந்து உட்காரப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது, ஒரு ஃபைலைத் திறக்க இன்னும் நாலு நிமிடம், இடையில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு அரை நாள் காணாமல் போகும். இசக்கிக்கு அரை நாளெல்லாம் கிடையாது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் எட்டு வருடமாகப் பதிந்து வைத்திருக்கிற காற்றின் வேகத்தை வைத்து, இரண்டு நாள் கழித்து எப்படிக் காற்றடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள்; அதை முப்பது தடவை ஓட்டி, மார்ச் கடைசிக்குள் முடிவைக் கொடுத்துவிட்டால் வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இடம் உறுதி. ஓட்டுவதற்குத் துறையில் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. பகலெல்லாம் வகுப்புக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள், சாயங்காலம் ஆறரைக்குத்தான் காலியாகும். சாயங்காலம் ஆறரைக்கு அல்லி விடுதியின் கேட் சாத்தப்படும். எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடத்தில் ஐந்து பேர்; நாலு பையன்களுக்கும் ராத்திரி பத்து வரை கம்ப்யூட்டர் இருந்தது, இசக்கிக்கு ஒரு கேட் இருந்தது.

ஆகவே அவள் இணையத்தின் ஒரு மூலையில், எந்தத் தேசத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாத யாரோ ஒருவர் பழைய லேப்டாப்புகளுக்காகப் பொறுமையாகச் சமைத்து வைத்திருந்த ஒரு சிஸ்டத்தை இறக்கி, பென் டிரைவில் போட்டு, மூன்று வாரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முதல் தடவை கருப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை கீபோர்டையே தனக்குத் தெரியாது என்று சாதித்தது. ஏழாம் தடவை பழைய போட்டோக்கள் மொத்தமும் போயின. பதினோராம் தடவை எல்லாம் நல்லபடியாகப் போய், தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்று, விடிய விடிய அங்கேயே நின்றது.

"ஏட்டி, இன்னும் அந்தக் கருப்புத் திரையத்தான் கும்பிட்டுட்டு இருக்கியா? பேசாம அதையே கட்டிக்கோ. சீதனமா பென் டிரைவ் கொண்டு போ," என்றாள் ஜெசிந்தா.

"நீ வேணா பாரு, இந்தத் தடவை எந்திரிக்கும்."

எழுந்தது. பத்தொன்பது விநாடியில் எழுந்தது. இசக்கி போட்ட கூச்சலில் மூன்று அறைக் கதவுகள் திறந்தன. ஃபைல்கள் தொட்டவுடன் திறந்தன, வைஃபை தானாக வந்து ஒட்டிக்கொண்டது, ஐந்து வருடமாகக் கரகரத்த ஸ்பீக்கரில்கூட ஏதோ சத்தம் வந்தது. யாரும் கொடுக்காததைத் தன் கையால் பிடுங்கி எடுத்தவளுக்கு மட்டும் வருகிற ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது. கடிகாரம் ஒன்றுதான் தப்பு. மணி நாலு பத்து; திரையில் காலை பத்து நாற்பது. அதைச் சமைத்தவருடைய ஊர் நேரம் உள்ளேயே தங்கிவிட்டது போலிருக்கிறது, போகட்டும், நேரம் பார்க்கவா இதை ஏற்றினோம் என்று ஜன்னல் பக்கம் திரும்பியவள், கிழக்கே நீண்டு கிடந்த தண்ணீர்த் தொட்டியின் நிழல் இப்போது மேற்கே கிடப்பதைப் பார்த்தாள்.

விடுதியின் எல்லாக் கடிகாரங்களிலும் பத்து நாற்பது. காம்பவுண்டுக்குள் இருந்த எல்லா போன்களிலும் பத்து நாற்பது. சூரியன் காலைச் சூரியனாகக் கிழக்கே நின்றது. கேட்டைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்தால், அந்தக் காலின் மேல் மட்டும் சாயங்கால வெயில் மேற்கிலிருந்து விழுந்தது. பேச்சிமுத்து அண்ணாச்சி விழித்து, வாயில் கடிகாரத்தைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மீசையைத் தடவினார்.

"வெள்ளைக்காரன் போயி எத்தன வருசம் ஆச்சு. அவன் ஊரு நேரம் இப்பதான் வந்து சேருது பாத்துக்கோ. சரி, டீ வந்துட்டா?"

டீ வரவில்லை. மெஸ்காரர்கள் கொதித்த டீயை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் உப்புமா கிண்டினார்கள், ஏனென்றால் அது காலை.

அன்றிலிருந்து அல்லி விடுதியில் வெளியுலகத்து நடுப்பகலுக்கு முன்னால் விடிந்தது, வெளியுலகத்து நடுராத்திரியில் பொழுது சாய்ந்தது. ஒன்பதரை மணி வகுப்புக்குப் பெண்கள் இருட்டில் மூன்று மணிக்கு எழுந்து, டார்ச் அடித்துக் குளித்து, கேட்டைத் தாண்டியதும் கண் கூச வெயிலுக்குள் இறங்கினார்கள். காக்கைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன, வேப்பமரத்துக் காக்கைகள் விடுதி நேரத்துக்கும் ரோட்டோரத்துக் காக்கைகள் ஊர் நேரத்துக்கும். பக்கத்து ஊர்ப் பெண்கள், தங்கள் வெயில் மறைந்த பிறகும் விடுதியில் வெயில் மிச்சமிருப்பதைக் கண்டு, மிளகாய் வற்றலையும் கூழ்வடகத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து முற்றத்தில் பரப்பினார்கள். இசக்கியின் வழிகாட்டி ஆல்பர்ட் சார் ஒரு நாள் கேட் வரை வந்து, தலைக்கு மேலே நட்சத்திரம் முளைத்திருப்பதையும் பத்தடி உள்ளே வெயில் கொளுத்துவதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நம்ம சிலபஸ்ல இல்ல," என்று சொல்லிப் போய்விட்டார்.

ஜெசிந்தாவின் அம்மா தூத்துக்குடியிலிருந்து வீடியோ காலில் வந்தாள். "ஏ பிள்ள, ராத்திரி எட்டு மணிக்கு உன் மூஞ்சில எங்கட்டி வெயில் அடிக்கி? எந்த நாட்டுல இருக்க? எவன் கூட இருக்க?"

"ஹாஸ்டல்லதாம்மா இருக்கேன். இங்க இன்னும் பொழுது சாயல."

"கத வுடாத. வார்டன் கிட்ட போனக் குடு."

வார்டன் கோமளா மேடம் போனை வாங்கி, "ஆமாங்க, எங்களுக்கு இப்போ மத்தியானம் ரெண்டரைதான்," என்றார். "மேடமே சொல்லிட்டாங்கன்னா சரிதான்," என்று அம்மா வைத்துவிட்டாள். மேடம் சொல்லிவிட்டால் சூரியன்கூட ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம்தான்; பெற்ற பிள்ளையின் வாய்ச்சொல்தான் ஒருபோதும் போதாது.

இதையெல்லாம் இசக்கி பெரிதாகக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தது ஒன்றைத்தான். விடுதி வாசலில் தொங்கும் விதிப்பலகையில் 'மாலை ஆறரை மணிக்கு வாயில் சாத்தப்படும்' என்று இருந்தது. விடுதியில் மாலை ஆறரை என்பது வெளியே நடுராத்திரி பன்னிரண்டு. பேச்சிமுத்து அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துச் சாத்துகிறவர். சூரியனும் கடிகாரமும் ஒரே பேச்சாக இருக்கும்போது அவருக்கென்ன வழக்கு. அல்லி விடுதியின் இருநூற்றுப் பதினான்கு பெண்களுக்கும், பிறந்ததிலிருந்து யாரோ எடுத்து வைத்துக்கொண்டிருந்த சாயங்காலம் ஒரே நாளில் கைக்கு வந்தது. நூலகத்தில் பத்து மணிவரை உட்கார்ந்தார்கள், காற்றாலைகளுக்கு நடுவே காரணமில்லாமல் நடந்தார்கள், முக்கு ரோட்டுக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிட்டார்கள், பிறகு வெயில் தாழ்வதற்குள் நல்ல பெண்களாகத் திரும்பி வந்தார்கள். லேப்டாப் வேகமாக எழுந்ததே தவிர, எட்டு வருடக் காற்றைச் சுமக்கும் தெம்பு அதற்கு இல்லை; இசக்கி தினமும் ஊர் நேரம் ஆறரைக்குத் துறைக்குப் போய்ப் பெரிய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பத்தொன்பது நாளில் பத்தொன்பது தடவை புரோகிராம் ஓடியது. இன்னும் பதினொன்று பாக்கி.

இருபதாம் நாள் விடுதிக் கண்காணிப்புக் குழு கூடியது. ஏழு ஆண்கள், கோமளா மேடம். தலைவர் பேராசிரியர் சிதம்பரதாணு; மென்மையாகப் பேசுகிறவர், அந்த மென்மையாலேயே யாரும் அவரோடு சண்டை போட முடியாது. பெண்கள் சார்பில் இசக்கியை அனுப்பினார்கள், ஏனென்றால் விவாதம் என்றால் அவள்தான்.

"இருட்டுவதற்குள் பெண் பிள்ளைகள் உள்ளே வந்துவிட வேண்டும். அதுதானம்மா விதியின் நோக்கம்," என்றார் சிதம்பரதாணு.

"நாங்க வெளிச்சத்துலதான் சார் உள்ள வர்றோம். ஒருத்தர்கூட இருட்டுல வரல."

"வெளியே இருட்டாக இருக்கிறதே?"

"இருட்டுல நடமாடுறதுதான் ஆபத்துன்னா, இருட்டுல இருக்கிறவங்களப் பூட்டுங்க சார். பசங்க ஹாஸ்டல்லதான் ராத்திரி ஏழு மணிக்கு இருட்டா இருக்கு."

ஒருவர் இருமினார். கோமளா மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டைப் பார்த்தார். குழு அரை மணி நேரம் தங்களுக்குள் பேசியது. இனி வெளி நேரப்படி ஆறரைக்கு கேட் சாத்தப்படும் என்று முடிவாயிற்று. இசக்கி விடவில்லை.

"எழுத்துல எப்படிப் போடப் போறீங்க சார்? வாட்ச்மேன் அண்ணாச்சி கேட்டுக்கு உள்ளதான் உட்காந்திருக்காங்க. அவங்க கடிகாரத்துல ஓடுறது விடுதி நேரம். அவங்க பாக்குற நேரத்த எழுதுங்க. விடுதிக் கடிகாரப்படி பகல் ஒரு மணின்னு எழுதுங்க. யாருடைய ஆறரைன்னு நாளைக்கு ஒரு சண்ட வரக் கூடாதுல்ல?"

அவள் நினைத்தது இதுதான்: உச்சி வெயிலில், பகல் ஒரு மணிக்கு, வயது வந்த பெண்களை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம் என்று ஒரு பல்கலைக்கழகம் தன் கையால் எழுத நேர்ந்தால் அந்தக் கை கூசும், கூசினால் நிற்கும், நின்றால் யோசிக்கும். அவர்களிடம் வெட்கம் இருக்கிறது என்று அவள் பந்தயம் கட்டினாள்.

"நியாயமான கோரிக்கை," என்றார் சிதம்பரதாணு. "குறித்துக்கொள்ளுங்கள். விடுதி வாயில் கடிகாரப்படி, பிற்பகல் ஒரு மணி."

யாருக்கும் கூசவில்லை. பழைய பலகையில் 'மாலை ஆறரை' என்ற இடத்தில் புது பெயின்ட் அடித்து மாற்றி எழுதினார்கள்.

பிறகு வந்தவை மோசமான நாட்கள். பகல் ஒரு மணிக்கு கேட் சாத்தப்படும். அதற்குப் பிறகு ஐந்தரை மணி நேரம் வெயில் விடுதியின் மேல் நின்று காயும். இருநூற்றுப் பதினான்கு பெண்கள் கம்பிக்குப் பின்னால் பளீரென்ற வெளிச்சத்தில் நின்றுகொண்டு, வெளியே இருட்டில் பையன்கள் பேசிச் சிரித்தபடி நூலகத்துக்குப் போவதைப் பார்த்தார்கள். அம்மாக்களும் அண்ணன்களும் இத்தனை வருடமாக இருட்டு, இருட்டு என்று சொன்னது வெறும் பேச்சு என்பதை ஒருவரும் ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெயிலில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. மிளகாய் காயப்போட வந்த ஊர்ப் பெண்களுக்காகக் கேட்டிலிருந்த சின்னத் திட்டிவாசலைத் திறந்துவிடுவார் அண்ணாச்சி. மிளகாய் உள்ளே வரலாம், வெளியே போகலாம், அதற்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

சாயங்காலம் பறிபோன பிறகு மிஞ்சியது அதற்குக் கொடுத்த விலைதான். இருட்டில் எழுவது, இருட்டில் குளிப்பது, வகுப்பில் தூங்கி விழுவது, கணக்குத் தப்பிய மாதவிலக்கு, தலைவலி. முதலில் ஜாடையாகவும் பிறகு நேராகவும் பெண்கள் இசக்கியின் அறைக்கு வந்தார்கள். "ஏக்கா, அந்தக் கடிகாரத்தச் சரி பண்ணிருங்களேன். பழைய மாதிரி ஆறரைக்கே பூட்டட்டும். ஒழுங்காத் தூங்கவாச்சும் செய்வோம்." ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலை பின்னிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு இசக்கி தேட உட்கார்ந்தாள்.

ஒன்பது நாள் தேடினாள். செட்டிங்ஸில் மாற்றினால் மாறவில்லை. மாறியது போல் காட்டிவிட்டு அடுத்த தடவை எழும்போது பழைய இடத்துக்கே போய் நின்றது. ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு போனால் வைஃபை போயிற்று, வைஃபையை மீட்டால் திரை தலைகீழாயிற்று, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். கடைசியில், ஏழு வருடத்துக்கு முன்னால் யாரோ கேட்ட கேள்விக்கு அடியில், அந்தச் சிஸ்டத்தைச் சமைத்த அதே ஆள் போகிற போக்கில் எழுதி வைத்துப்போன ஒரே ஒரு வரிக் கட்டளையைக் கண்டெடுத்தாள். அதற்குக் கீழே நன்றி சொல்லக்கூட யாரும் இருக்கவில்லை. இசக்கி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒன்பது நாள் வலி நெஞ்சிலிருந்து இறங்கிப் போயிற்று. அந்த நிமிடத்தில் அவளுக்கு வேறெதுவும், பலகையில் எழுதியிருந்ததுகூட, நினைவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் காலை மணி ஒன்பது. எழுத்தெழுத்தாக அடித்து, என்டரைத் தட்டினாள். கடிகாரம் இரண்டரை காட்டியது. சூரியன் ஒரே எட்டில் உச்சியைத் தாண்டி மேற்கே போய் நின்றது. மாடியெல்லாம் கைதட்டல். வேப்பமரத்துக் காக்கைகள் ரோட்டோரத்துக் காக்கைகளைத் தேடிப் பறந்தன.

கீழே பேச்சிமுத்து அண்ணாச்சி வாயில் கடிகாரத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மெதுவாக எழுந்து போய் கேட்டைச் சாத்திப் பூட்டினார்.

இசக்கி படிகளில் தாவி இறங்கி ஓடிவந்தாள். "அண்ணாச்சி! என்ன செய்தீங்க? திறங்க!"

"எம்மா, போர்டுல பகல் ஒண்ணுன்னு போட்டிருக்கு. இப்ப மணி ரெண்டரை."

"அது பழைய நேரத்துக்கு எழுதினது! இப்பதான் ஊர் நேரம் வந்துட்டே!"

"வந்துட்டும்மா, நல்லதுதான். விடுதிக் கடிகாரப்படின்னுல்ல எழுதிருக்கு. நாம்பாட்டுக்குத் திறந்து வச்சா நாளைக்கு என்னத்தான கேப்பாவ. நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

வெளியே டவுனுக்குப் போயிருந்த முப்பத்தேழு பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பூட்டிய கேட்டின் முன்னால் நின்றார்கள், கையில் மாம்பழமும் ஷாம்பூவும். ஜெசிந்தாவும் அதில் இருந்தாள். தாமதமாக வந்ததற்கு ஒவ்வொருவரும் மன்னிப்புக் கடிதம் எழுதிய பிறகு உள்ளே விடப்பட்டார்கள்.

கோமளா மேடம் உண்மையிலேயே வருத்தப்பட்டார். விதியைத் திருத்தக் குழு கூட வேண்டும், குழு இனி ஜூலையில்தான் கூடும், அதுவரை என்ன செய்வது என்று அவரே சிதம்பரதாணுவுக்கு போன் போட்டு, போனை இசக்கியிடம் கொடுத்தார். இசக்கி இருபது நிமிடம் விவாதித்தாள். விதியின் நோக்கம் என்றாள், அன்றைக்குப் பகல் ஒன்று என்பது ஊருக்கு ஆறரை என்றாள், மத்தியானப் பிராக்டிகல் எல்லாம் இரண்டு மணிக்குத்தான் தொடங்குகிறது என்றாள். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ சொல்வது எல்லாம் சரிதானம்மா," என்றார் கடைசியில். "ஆனால் எழுத்தில் கேட்டது நீதானே?"

அறைக்குத் திரும்பியபோது ஜெசிந்தா ஷாம்பூ பாக்கெட்டுகளை எண்ணாமல் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். விலங்கியல் பிராக்டிகல் அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் மத்தியானம். இனி வருகைப்பதிவு போதாது.

"திட்டணும்னா திட்டிரு," என்றாள் இசக்கி.

"எதுக்குத் திட்ட? நீ பேசுனதுல ஒரு வார்த்த தப்பு கிடையாது. நீ ஒவ்வொரு தடவ ஜெயிக்கும்போதும் எங்க முதுகுலதான் அடி விழுது, அவ்வளவுதான்." டப்பாவை மூடினாள். "இனி எங்களுக்காகப் பேசாத இசக்கி."

இசக்கியை ஜெசிந்தா ஏட்டி என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.

இசக்கி கடிகாரத்தைக் கையால் ஐந்தரை மணி நேரம் பின்னால் தள்ளிப் பார்த்தாள். லேப்டாப்பில் மாறியது, வாயிலில் மாறவில்லை, சூரியன் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த ஒற்றை வரியை அழித்துப் பார்த்தாள். சரியான நேரமே நின்றது. பிறகு பழைய பென் டிரைவை எடுத்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அதே கள்ள சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றினாள். முதல் முயற்சியிலேயே எழுந்தது. கடிகாரம் சரியாக இருந்தது. மறுபடி துடைத்தாள், மறுபடி ஏற்றினாள். கருப்புத் திரை வரவில்லை, கோடு மினுக்கவில்லை, தொண்ணூற்றொன்பதில் நிற்கவில்லை. வேண்டுமென்றே தப்புத் தப்பாகக் கொடுத்தாள். அது தானாகவே திருத்திக்கொண்டு எழுந்தது. இருபதாவது தடவை ஸ்பீக்கரின் கரகரப்பு போய் மணிபோல் பேசியது. இருபத்தைந்தாவது தடவை, கொடுத்த நாளிலிருந்து வேலை செய்யாத கேமரா விழித்து அவள் முகத்தைக் காட்டியது.

இணையத்தின் அந்த மூலையில் போய் அவள் ஒரு கேள்வி எழுதினாள்: முன்பு போலக் கடிகாரம் தப்பாக ஓட என்ன செய்ய வேண்டும்? இரண்டு நாள் கழித்து யாரோ பதில் போட்டிருந்தார்கள்: எல்லாமே நன்றாக வேலை செய்கிறது என்றால், உங்களுக்கு என்னதான் பிரச்சினை?

மார்ச் முப்பத்தொன்று. கீழே ஒரு மணி ஆகப் போகிறது. வகுப்புகளிலிருந்தும் ஆய்வகங்களிலிருந்தும் பெண்கள் வெள்ளைக் கோட்டுகளைக் கழற்றக்கூட நேரமில்லாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே வெயிலில் கேட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பெரிய கம்ப்யூட்டரில் பத்தொன்பது முடிவுகள் இருந்தன, பதினொன்று இல்லை. லேப்டாப் திரையில் முப்பத்தெட்டாவது தடவையாகக் கள்ள சிஸ்டம் எழுந்து நின்றது: வைஃபை சரி, ஒலி சரி, கேமரா சரி, நேரம் சரி. இவ்வளவு குறையில்லாத ஒன்றை அவள் தன் கையால் இதுவரை செய்ததே இல்லை.

கீழே சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. இசக்கி பென் டிரைவைச் செருகினாள். எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது. ஆம் என்றாள்.